பெங்களூருவில் தொடங்கிய திரைமொழி: காதல் காட்சிகளில் உணர்வுப் புலப்பாடு (1977 – 1986)

முன்னுரை

தமிழ்த் திரைப்படம் குறித்துத் தமிழ்த்துறைகளில் நிகழ்ந்துள்ள ஆய்வுகளில் பெரும்பாலானவை பாடல்களையும் உரையாடல்களையும் தரவாகக் கொண்டவை. எழுத்தில் கிடைப்பதையே ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் பயிற்சி இதற்குக் காரணம் எனலாம். ஆனால் காதலை மையமாகக் கொண்ட படங்களில் பார்வையாளரின் நினைவில் நிலைத்துவிட்ட காட்சிகள் பல, உரையாடல் குறைந்தவை அல்லது அற்றவை. அக்காட்சிகளில் உணர்வு எவ்வாறு புலப்படுகிறது என்னும் வினாவுக்கு உரையாடல் ஏட்டில் விடை இல்லை. ஒளி, கோணம், படத்தொகுப்பு, ஒலி, நடிகரின் மெய் ஆகியவற்றில்தான் அவ்விடை உள்ளது.

இத்தகைய காட்சிமொழி தமிழ்த் திரைப்படத்தில் வேரூன்றிய வரலாற்றில் பெங்களூரு நகருக்கு ஒரு தனியிடம் உண்டு. பாலு மகேந்திரா இயக்கிய முதற்படமும் மணிரத்னம் இயக்கிய முதற்படமும் கன்னடப் படங்கள். 'கோகிலா' 1977இலும் 'பல்லவி அனுபல்லவி' 1983இலும் வெளிவந்தன. தமிழ்த் திரைப்பட வரலாற்று நூல்களில் இவ்விரு படங்களும் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துசெல்லப்படுகின்றன. இவற்றை 'மூன்றாம் பிறை' (1982), 'மௌன ராகம்' (1986) ஆகிய தமிழ்ப் படங்களோடு ஒரே தொடர்ச்சியில் வைத்து நோக்கி, காதல் காட்சியில் உணர்வைப் புலப்படுத்தும் முறை வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

மெய்ப்பாடும் திரைக்காட்சியும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். உள்ளத்து நிகழ்ச்சி உடலின்கண் வெளிப்பட்டுக் காண்போர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு. இளம்பூரணரும் பேராசிரியரும் இவ்வியலின் தொடக்கத்தைக் கூத்தரங்கோடு இணைத்து விளக்கியுள்ளமை இங்குக் கருதத்தக்கது. சுவைக்கப்படும் பொருள், அதனைச் சுவைக்கும் பொறியுணர்வு, அதனால் உள்ளத்தில் எழும் குறிப்பு, அதன் வழி உடலில் தோன்றும் விறல் என்னும் படிநிலை, அரங்கில் காணப்படும் கலைக்கெல்லாம் பொருந்துவதாகும்.

களவொழுக்கத்தின் தொடக்க நிலைகளாகத் தொல்காப்பியம் சுட்டுவனவற்றுள் நெற்றி வியர்த்தலும் எழும் நகையை மறைத்தலும் இடம்பெறுகின்றன. இவை மிக நுண்ணிய உடற்குறிகள். தொலைவிலிருக்கும் மேடையில் இவற்றைக் காட்டுதல் அரிது. செய்யுளில் தோழியோ தலைவனோ எடுத்துரைத்தாலன்றிப் புலப்படா. திரைப்படத்தின் அண்மைக்காட்சியே இவற்றை எவரும் எடுத்துரைக்காமல் நேரே காட்டவல்லது. அங்கேரி நாட்டுத் திறனாய்வாளர் பேலா பலாஸ் 1924இல் வெளியிட்ட நூலில், அச்சு நூலின் வருகையால் மங்கிப்போன முகமொழியைத் திரைப்படம் மீட்டளிக்கிறது என்னும் கருத்தை முன்வைத்தார். முகத்தை அணுகிக் காட்டும் ஆற்றலே அவர் வாதத்தின் அடிப்படை.

எனினும் முகம் மட்டுமே உணர்வைத் தருவதில்லை. உருசியத் திரைக்கலைஞர் லெவ் குலெசோவ் செய்த சோதனை இதனை விளக்கும். மாற்றமற்ற ஒரே முகத்தை வேறுவேறு காட்சிகளுக்கு அடுத்து வைத்தபோது, பார்வையாளர் அம்முகத்தில் வேறுவேறு உணர்வுகளைக் கண்டனர் என்பது அச்சோதனை பற்றிய செய்தி. எனவே திரையில் மெய்ப்பாடு என்பது நடிகரின் மெய்யில் மட்டும் நிகழ்வதன்று. முன்னும் பின்னும் வைக்கப்படும் காட்சிகளின் உறவாலும் அது நிகழ்கிறது. இக்கருத்தை மனத்திற்கொண்டு படங்களை அணுகலாம்.

முன்னோடி முயற்சிகள்

'பராசக்தி' (1952) முதலாகத் தமிழ்த் திரைப்படத்தில் உரையாடல் பெற்ற செல்வாக்கு யாவரும் அறிந்தது. அச்செல்வாக்கின் நடுவிலேயே காட்சிவழி உணர்த்தும் முயற்சிகளும் நிகழ்ந்தன. அவற்றுள் ஸ்ரீதர் இயக்கி ஏ. வின்சென்ட் ஒளிப்பதிவு செய்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) குறிப்பிடத்தக்கது. மருத்துவமனை என்னும் ஒரே களத்தில் பெரும்பகுதி நிகழும் அப்படத்தில், நோயுற்ற கணவன், அவன் மனைவி, அவளை முன்னர்க் காதலித்த மருத்துவர் ஆகிய மூவரின் மன இறுக்கம் ஒளிப்பதிவுக் கோணங்களால் உணர்த்தப்படுகிறது. பாடற்காட்சியில் கட்டிலுக்குக் கீழிருந்து நோக்கும் கோணம் இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது. மருத்துவராக நடித்த கல்யாண்குமார் கன்னடத் திரையுலகின் முன்னணி நடிகர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

ஆயினும் இம்முயற்சி அரங்கத்திற்குள் அமைக்கப்பட்ட களத்தில் நிகழ்ந்தது. ஒளி முழுவதும் செயற்கையாக அமைக்கப்பட்டது. உணர்வின் உச்சத்தைப் பாடலும் உரையாடலுமே தாங்கின. வாழும் வீட்டையும் நடக்கும் தெருவையும் அங்கு விழும் இயற்கை ஒளியையும் காதல் காட்சியின் கருவிகளாக்கும் முறை பின்னரே வலுப்பெற்றது.

'கோகிலா'வும் பெங்களூருவும்

இலங்கை மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939இல் பிறந்த பாலு மகேந்திரா, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று 1969இல் தேறியவர். ராமு காரியத்தின் 'நெல்லு' (1974) என்னும் மலையாளப் படத்தின் வழி ஒளிப்பதிவாளராக அறிமுகமானார். இயக்குநராக அவர் தேர்ந்துகொண்ட முதற்களம் கன்னடமாக அமைந்தது.

அக்காலக் கன்னடத் திரையுலகின் சூழல் இங்குக் கருதத்தக்கது. பட்டாபிராம ரெட்டியின் 'சம்ஸ்காரா' (1970) நடுவண் அரசின் தங்கத்தாமரை விருது பெற்றது. 'கோகிலா' வெளிவந்த 1977ஆம் ஆண்டிலேயே கிரீஷ் காசரவள்ளியின் 'கடசிராத்தா'வும் உருவாகி அதே விருதைப் பெற்றது. நவீன இலக்கியமும் நவீன நாடகமும் திரைப்படத்தோடு நெருங்கிய உறவு கொண்டிருந்த காலம் அது. பெங்களூரு நாடகச் சூழலிலிருந்து திரைக்கு வந்தவர்களுள் ஒருவரான மோகன், 'கோகிலா'வில்தான் அறிமுகமானார். பின்னர்த் தமிழகத்தில் அவர் பெயரோடு அப்படத்தின் பெயரும் சேர்த்தே வழங்கப்பட்டது.

'கோகிலா'வின் கதை எளியது. பெங்களூருவில் ஒரு குடும்பத்தினரின் வீட்டில் தங்கும் வங்கி ஊழியன் (கமல்ஹாசன்), அவ்வீட்டு மகள் (ஷோபா), அங்குப் பணிசெய்யும் பெண் (ரோஜாரமணி) ஆகியோரைச் சுற்றி அது நிகழ்கிறது. ஒரு கணத்து நெகிழ்வு மூவர் வாழ்க்கையையும் மாற்றிவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் படமாக்கப்பட்ட இதன் ஒளிப்பதிவுக்காகப் பாலு மகேந்திரா தேசிய விருது பெற்றார். இசை சலில் சௌத்ரி.

காதல் காட்சியின் வரலாற்றில் இப்படத்தின் இன்றியமையாமை வீட்டைக் கையாண்ட முறையில் உள்ளது. காதலர் சந்திக்கும் இடம் பூங்காவோ அருவிக்கரையோ அன்று. நடுத்தரக் குடும்பத்தின் கூடமும் அறையும் வாயிற்படியுமே. அங்குப் பிறர் எப்பொழுதும் உடன் இருப்பர். ஆதலின் காதலைச் சொல்லால் கூற இயலாது; பார்வையாலும் உடலின் சிறு தயக்கத்தாலுமே உணர்த்த இயலும். களவொழுக்கத்தில் அலருக்கு அஞ்சும் தலைமக்களின் நிலை இது. உரையாடல் குறைவதற்கான காரணம் கதைச்சூழலிலேயே அமைந்துவிடுவதால், மௌனம் செயற்கையாகத் தோன்றுவதில்லை. சன்னல், கதவு ஆகியவற்றின் வழி வரும் ஒளியையே முதன்மையாகக் கொள்ளும் பாலு மகேந்திராவின் முறை இத்தகைய கதைக்கு இயல்பாகப் பொருந்தியது. பெங்களூருவின் மென்மையான பகலொளி இம்முறைக்குத் துணைநின்றது எனக் கருதலாம்.

'மூடுபனி' முதல் 'மூன்றாம் பிறை' வரை

'கோகிலா'வுக்குப் பின் பாலு மகேந்திரா, மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978) படத்திற்கு ஒளிப்பதிவு செய்தார். தமிழில் தம் முதற்படமான 'அழியாத கோலங்கள்' (1979) படத்தை இயக்கினார். அடுத்து வந்த 'மூடுபனி' (1980) பெங்களூருவையும் உதகையையும் களமாகக் கொண்டது. ஷோபா அவ்வாண்டு மே மாதம் மறைந்தபின் வெளிவந்த அப்படம், இளையராஜாவின் நூறாவது படமாகும். பாலு மகேந்திரா – இளையராஜா இணைவு இதிலிருந்தே தொடங்கியது. இளையராஜா இதற்கு முன்னரே ஜி.கே. வெங்கடேசின் உதவியாளராகக் கன்னடப் படங்கள் பலவற்றில் பணியாற்றியிருந்தார் என்பதும் பெங்களூரு – சென்னை உறவின் மற்றொரு கூறு.

'மூன்றாம் பிறை' (1982) இவ்விணைவின் உச்சமாகக் கருதப்படுகிறது. சிறந்த நடிகர், சிறந்த ஒளிப்பதிவு ஆகிய தேசிய விருதுகளை முறையே கமல்ஹாசனுக்கும் பாலு மகேந்திராவுக்கும் பெற்றுத்தந்த படம் இது. நினைவிழந்து குழந்தைநிலை எய்திய பெண்ணை (ஸ்ரீதேவி) நீலகிரியிலுள்ள கேத்தியில் வைத்துக் காக்கும் பள்ளி ஆசிரியனின் கதை. நினைவு மீண்டவுடன் இடைப்பட்ட காலத்தை அவள் மறந்துவிடுகிறாள். தொடர்வண்டி நிலையத்தில் நிகழும் இறுதிக்காட்சியை விரிவாக நோக்கலாம்.

அடிபட்டு நொண்டிக்கொண்டும் சேற்றில் தோய்ந்தும் நாயகன் ஓடிவருகிறான். வண்டியின் சன்னலுக்குள் அவள் அமர்ந்திருக்கிறாள். அழைத்தும் அவள் அறியாள். முன்னர் அவளை மகிழ்விக்கத் தான் செய்துகாட்டிய குரங்காட்டத்தை அவன் மீண்டும் செய்கிறான். அவனைப் பித்தன் என்றோ இரவலன் என்றோ கருதும் அவள், உண்பதற்கு ஏதோ ஒன்றை அவன்பால் எறிகிறாள். வண்டி நகர்கிறது. மழையில் அவன் தனித்து விடப்படுகிறான்.

இக்காட்சியில் மூன்று நுட்பங்கள் இணைந்து செயற்படுகின்றன. முதலாவது, சன்னல் என்னும் சட்டகம். அது இருவரையும் ஒரே காட்சிக்குள் வைத்தே பிரிக்கிறது; உள்ளிருப்பவள் உலர்ந்தும் அமைதியாகவும், வெளியிலிருப்பவன் நனைந்தும் பதறியும் தோன்றுகின்றனர். இரண்டாவது, பார்வைகளின் மாற்று அடுக்கு. அவன் நோக்க, அவள் நோக்க என மாறிமாறி வரும் காட்சிகளில் அவள் முகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. குலெசோவ் சோதனையின் மறுதலையாக இது அமைகிறது. அங்கு வெற்று முகத்தில் பார்வையாளர் உணர்வைக் கண்டனர். இங்கு உணர்வு நிறைந்திருந்ததாகப் பார்வையாளர் அறிந்த முகத்தில் வெறுமையைக் காண்கின்றனர். மூன்றாவது, செயல் மீளல். ஒரே உடலசைவு இரண்டு முறை வருகிறது, பொருள் தலைகீழாகிறது.

மெய்ப்பாட்டியல் இம்மூன்றாம் நுட்பத்தைத் துல்லியமாக விளக்க உதவுகிறது. உவகைக்கு நிலைக்களனாகத் தொல்காப்பியம் கூறும் நான்கனுள் விளையாட்டும் ஒன்று. குரங்காட்டம் முதலில் நிகழ்ந்தபோது அது விளையாட்டால் பிறந்த உவகை. அழுகைக்குக் கூறப்படும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதல் இளிவு. உரியதை இழத்தல் இழவு. முன்னை நிலை கெட்டு வருந்துதல் அசைவு. நுகர வேண்டியதை நுகரப்பெறாத பற்றுள்ளம் வறுமை. இந்நான்கும் இக்காட்சியில் ஒருங்கே நிற்கின்றன. இரவலனாகக் கருதப்படுவதில் இளிவும், அவளைப் பிரிவதில் இழவும், ஆசிரியனாக இருந்தவன் சேறு படிந்து நொண்டுவதில் அசைவும், பேணிய அன்பு பயனுறாமையில் வறுமையும் உள்ளன. உவகைக்குரிய செயலைக் கொண்டே அழுகையின் நான்கு நிலைக்களன்களையும் எழுப்புவதால்தான் இக்காட்சி தனி ஆற்றல் பெறுகிறது. உரையாடலை மட்டும் பெயர்த்தெழுதி ஆராய்பவர்க்கு இக்காட்சியில் எஞ்சுவது அழைப்பும் அரற்றலுமே.

'பல்லவி அனுபல்லவி': இரு தலைமுறைகளின் சந்திப்பு

மணிரத்னத்தின் முதற்படமான 'பல்லவி அனுபல்லவி' (1983) பெங்களூருவையும் மலைத்தோட்டப் பகுதியையும் களமாகக் கொண்ட கன்னடப் படம். ஒளிப்பதிவு பாலு மகேந்திரா, இசை இளையராஜா, படத்தொகுப்பு பி. லெனின், கலை தோட்டா தரணி. அனில் கபூர், லட்சுமி, கிரண் வைராலே ஆகியோர் நடித்தனர். சிறந்த திரைக்கதைக்கான கர்நாடக மாநில விருதை மணிரத்னம் இதன்வழிப் பெற்றார்.

காதலியுள்ள இளைஞன் ஒருவனுக்கும், கணவனைப் பிரிந்து மகனுடன் வாழும் வயதில் மூத்த பெண்ணுக்கும் இடையே அரும்பும் நட்பே இப்படத்தின் மையம். ஊரார் அதற்குக் காதல் எனப் பெயரிடுகின்றனர். இருவரும் அதற்குப் பெயரிடுவதில்லை. இத்தகைய உறவைக் காட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான காதல் காட்சியின் நுட்பங்களைப் பயன்படுத்தினால் ஊரார் கூற்று மெய்யாகிவிடும். பயன்படுத்தாவிட்டால் உறவின் வெம்மை புலப்படாது. இருவருக்கும் இடையே காட்சிக்குள் வைக்கப்படும் தொலைவும், உடனிருக்கும் சிறுவனும், சூழ்ந்துள்ள மலைநிலமுமே அவ்வுறவின் அளவைப் பார்வையாளருக்கு உணர்த்த வேண்டியிருந்தன. அகப்பாடலில் முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளை உணர்த்தும் பணியைச் செய்வது போன்றதே இது.

இப்படத்தின் இசை நெடுங்காலம் வாழ்ந்தது. அதன் இணைப்பாடலின் மெட்டு, 2000த்திற்குப் பின் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் விளம்பர இசையாக இந்தியா முழுவதும் ஒலித்தது. மூலப்படத்தைப் பாராதவரும் அறியாதவரும் அவ்விசையை அறிந்திருந்தனர்.

'மௌன ராகம்': மரபின் மாற்றம்

மணிரத்னத்தின் ஐந்தாம் படமான 'மௌன ராகம்' (1986) சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம், படத்தொகுப்பு லெனின், விஜயன், இசை இளையராஜா. 'கோகிலா'வில் அறிமுகமான மோகனே இதில் கணவனாக நடித்தார். விருப்பமின்றி மணந்துகொண்ட திவ்யா (ரேவதி), பரிசாக என்ன வேண்டும் என வினவும் கணவனிடம் மணமுறிவைக் கேட்கிறாள். அவன் அவளுக்காக வாங்கியது கொலுசு. அது அணியப்படாமலே வீட்டில் கிடக்கிறது. இறந்துபோன காதலனின் நினைவிலிருந்து மீண்டு கணவனை விரும்பத் தொடங்கும்போது அவள் அக்கொலுசை அணிகிறாள். இப்பொழுது விலகி நிற்பவன் கணவன்.

கொலுசு என்னும் பொருளைக் கையாண்ட முறை நோக்கத்தக்கது. அது கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே புலனாகும் பொருள். அணியாதபோது அதற்கு ஒலியில்லை. அணிந்தபின் அவள் நடையே பேச்சாகிறது. மனமாற்றத்தை அவள் வாய்விட்டுக் கூறும் முன்னரே காலின் ஒலி கூறிவிடுகிறது. செய்யுளின் உள்ளுறை செய்யும் பணியை இங்கு ஒரு பொருளும் அதன் ஒலியும் செய்கின்றன. பி.சி. ஸ்ரீராமின் ஒளியமைப்பு இதற்குத் துணைநிற்கிறது. வீட்டின் உட்புறம் இருண்டும், சன்னல் ஒளி பின்னிருந்து விழ மாந்தர் விளிம்பொளி பெற்றும் தோன்றுகின்றனர். முகத்தின் ஒரு பகுதி நிழலில் இருப்பதால், உள்ளத்தில் மறைத்துவைக்கப்பட்டது ஒன்று உண்டு என்பதைப் பார்வையாளர் உணர்கின்றனர். இயற்கை ஒளியைப் பின்பற்றிய பாலு மகேந்திராவின் முறையிலிருந்து இது வேறுபட்டது. ஒளியே உணர்வைச் சுமக்கவேண்டும் என்னும் கொள்கையில் ஒன்றுபட்டது.

இப்படமும் தொடர்வண்டி நிலையத்திலேயே முடிகிறது. 'மூன்றாம் பிறை'யில் வண்டி நகர, ஆடவன் நின்றுவிடுகிறான். 'மௌன ராக'த்தில் மணமுறிவுத் தாளை அவள் கிழித்தெறிகிறாள். நகரும் வண்டியைத் தொடர்ந்து ஓடி ஏறும் கணவன், சங்கிலியை இழுத்து வண்டியை நிறுத்துகிறான். நான்காண்டு இடைவெளியில் ஒரே களமும் ஒரே அசைவும் இரு வேறு முடிவுகளை ஏற்றன. 1982இல் விதியாக இருந்த வண்டியின் இயக்கம் 1986இல் மனிதர் நிறுத்தக்கூடியதாகிறது. காதல் இழப்பாகவே முடியவேண்டும் என்னும் நிலையிலிருந்து, மணவாழ்வுக்குள் காதல் கண்டடையப்படலாம் என்னும் நிலைக்குத் தமிழ்ப்படம் நகர்ந்ததை இவ்விரு காட்சிகளின் ஒப்பீடு காட்டுகிறது.

மொழியெல்லையும் வரலாற்று எழுத்தும்

மேற்கண்ட தொடர்ச்சியில் கன்னடப் படங்கள் இரண்டையும் நீக்கிவிட்டால் வரலாறு துண்டுபடுகிறது. பாலு மகேந்திராவின் ஒளி தமிழில் எங்கிருந்து வந்தது, மணிரத்னத்தின் மௌனம் எப்பள்ளியில் பயின்றது என்னும் வினாக்கள் விடையின்றி நிற்கும். திரைப்படத்தை மொழிவாரியாகப் பிரித்து எழுதும் வழக்கம், உரையாடலையே படத்தின் உடலாகக் கருதும் நோக்கிலிருந்து பிறந்தது. ஒளிக்கும் படத்தொகுப்புக்கும் மாநில எல்லை இல்லை. உரையாடலை மையமாகக் கொள்ளும் ஆய்வு, மெய்ப்பாட்டைத் தவறவிடுவதோடு அண்டை மொழியின் பங்களிப்பையும் தவறவிடுகிறது. இவை இரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள்.

பெங்களூருவில் இக்கருத்துக்குத் தனிப் பொருள் உண்டு. அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டிருந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சில நாள்களில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. இரு மொழியினரின் உறவு பூசலின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்ட நகரில், இருவரும் இணைந்து உருவாக்கிய ஒரு திரைமொழியின் வரலாறும் உள்ளது. ஈழத்தில் பிறந்த தமிழர் இயக்க, வங்க இசையமைப்பாளர் இசையமைக்க, பெங்களூரு நாடகக் கலைஞர் அறிமுகமான கன்னடப் படம் 'கோகிலா'. அதனை எந்த ஒரு மொழியும் தனக்கே உரியது எனக் கூறிவிட இயலாது.

இவ்வாய்வுக்கு அடிப்படைத் தேவை படங்களே. புனேயில் 1964இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருப்பினும், தென்னக மொழிப் படங்கள் பலவற்றின் மூலச்சுருள்கள் காக்கப்படவில்லை. தம் படங்களின் மூலச்சுருள்கள் அழிந்தது குறித்துப் பாலு மகேந்திராவே வருந்திப் பேசியுள்ளார். 2014இல் மறையும் வரை திரைப்பட ஆவணக் காப்பகம் ஒன்றின் தேவையை வலியுறுத்திவந்தார். ஓலைச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த மரபுடைய தமிழ்த்துறைகள் இதன் கடுமையை நன்கு அறியும். பாடபேதத்தை ஆராயச் சுவடி வேண்டுவதுபோல, ஒளியை ஆராயத் தெளிவான படச்சுருள் வேண்டும். மங்கிய படியில் நிழலும் ஒளியும் வேறுபாடிழக்கின்றன. உணர்வும் உடன் மங்குகிறது.

முடிவுரை

1977 முதல் 1986 வரையிலான பத்தாண்டுக் காலத்தில் காதல் காட்சியின் உணர்வுப் புலப்பாடு உரையாடலிலிருந்து ஒளி, சட்டகம், செயல் மீளல், பொருள், ஒலி ஆகியவற்றுக்கு நகர்ந்தது. அந்நகர்வின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்று பெங்களூருவில் உருவான 'கோகிலா'. இரு தலைமுறைக் கலைஞர்கள் சந்தித்த இடம் 'பல்லவி அனுபல்லவி'. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், செய்யுளுக்கு மட்டுமன்றித் திரைக்காட்சிக்கும் உரிய ஆய்வுக்கருவியாகப் பயன்படும் என்பதை 'மூன்றாம் பிறை' இறுதிக்காட்சி உறுதிசெய்கிறது. கன்னட, தமிழ் ஆய்வாளர்கள் இப்படங்களை ஒருங்கே அமர்ந்து நோக்கி ஆராய்வதும், எஞ்சியுள்ள படிகளைக் காக்க முன்வருவதும் உடனடித் தேவைகள். சொற்களைக் காத்த சமூகம், சொல்லாமல் உணர்த்திய கலையையும் காக்கக் கடமைப்பட்டுள்ளது.